பேரேட்டுக் குறிகளை அச்சில் கொண்டுவர

கேள்வி: தாத்தா எழுதிவைத்த பழைய பேரேட்டை, குடும்பத்துக்காக லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் சிறு புத்தகமாக்கி வருகிறேன். ௳, ௴, ௵ வரும் இடமெல்லாம் பிடிஎஃப்பில் வெறும் பெட்டி நிற்கிறது. ஸ்கேன் செய்து படமாக ஒட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள். எழுத்தின் அளவை மாற்றினால் படம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பிடிஎஃப்பில் தேடினாலும் அகப்படாது. தாத்தா எழுதியது எழுத்து, அது எழுத்தாகவே அச்சேற வேண்டும்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. இந்தக் குறிகள் 2003-இல் வந்த யூனிகோடு 4.0-லேயே இருக்கின்றன. நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ எல்லாம் அடுத்தடுத்த எண்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குறை உங்கள் எழுத்துருவில்தான். யூனிகோடு எழுத்துருக்களை ஏற்கும் லேடெக் வகையான ஸீலேடெக்கில், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, நோட்டோ செரிஃப் தமிழை முதன்மை எழுத்துருவாக வையுங்கள். ஸ்கிரிப்ட் தமிழ் என்ற தேர்வையும் மறக்காமல் கொடுங்கள், அப்போதுதான் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். அப்புறம், ஒவ்வொரு ஓட்டத்திலும் லேடெக் எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்து ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று தேடுங்கள். எழுத்துருவில் இல்லாத குறி ஒவ்வொன்றும் அங்கே பதிவாகியிருக்கும். எந்தப் புத்தகத்தையும் இதைப் பார்க்காமல் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. முந்நூறு பக்கத்தில் ஒரு பெட்டி கண்ணுக்குத் தப்பிவிடும், லாக்கில் தப்பாது.

குறிகளை ஒவ்வொரு தடவையும் தேடி ஒட்டுவது அலுப்பு. வருஷம், மாசம் என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, குறிக்கு ஒன்றாக நியூகமாண்ட் (சொந்தக் கட்டளை) எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எழுத்துருவை மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஒன்று மட்டும்: ௹ இருக்கும் இடத்தில் ₹ போட்டு விடாதீர்கள். ₹ 2010-இல் வந்தது. தாத்தா காலத்து ஏட்டில் அதற்கு வேலை இல்லை.

பேரேடு என்றால் முந்திரி, காணி, மா என்று பின்னங்களும் இருக்குமே! அவை 2019-இல் யூனிகோடு 12.0-இல்தான் தனித் தொகுதியாக வந்தன. சாதாரணத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்டை இரண்டாவது எழுத்துருவாகச் சேர்த்து, அந்தக் குறிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கோட்டின் தடிமன் கொஞ்சம் வேறுபடும். ஸ்கேல் (எழுத்தளவு) மதிப்பை மாற்றிப் பார்த்து, பக்கத்து எழுத்தோடு ஒத்துப்போகிற அளவில் நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டிக் கணக்கில் % வரும். அதை அப்படியே அடித்தால், அந்த வரியில் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் குறிப்புரை என்று லேடெக் விட்டுவிடும். பெரும்பாலும் பிழைச் செய்தி வராது, லாக்கிலும் தெரியாது. \% என்று அடியுங்கள். &, #, $, _ ஆகியவற்றுக்கும் முன்னால் இதே சாய்கோடு வேண்டும். இப்போதே கோப்பு முழுக்க % எங்கெங்கே என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.