கடைமடைக்குத் தண்ணீர் வராத சங்கம்: என் பதில்

பாசனச் சங்கம் இருந்தும், வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர்கள் தண்ணீர் முறையை மீறுகிறார்கள், அதனால் வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடையில் யாரும் சந்தா தருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சந்தாப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். தண்ணீர் வராதவரிடம் பணம் கேட்டால் யார்தான் தருவார்?

முதலில் ஒவ்வொருவரும் தண்ணீர் எடுக்க வேண்டிய முறைநேரத்தை நிலப்பரப்புக்கு ஏற்ப மணிக்கணக்கில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிவந்து சேரும் நேரம், வழியில் கசிவது, இரண்டையும் ஈடுகட்டிக் கடைமடைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பல இடங்களில் சண்டையே இதில்தான். வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்ப்பாய்ச்சியைக் கடைமடைக்காரர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். கூலியும் கடைசி வயல் நனைந்த பிறகுதான்.

முறை மீறுபவருக்கு அபராதம்? முதல் தடவை சிறிதாக இருக்கட்டும், திரும்பத் திரும்பச் செய்தால் ஏற்றுங்கள். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் நீண்டகாலம் தாக்குப்பிடித்த பாசனக் குழுக்களில் இதைத்தான் கண்டார். தலைவரின் சொந்தக்காரர் மீறினாலும் வசூலிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அப்புறம், உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. தூர்வாரவும் மதகு பழுதுபார்க்கவும் கடைமடை ஆட்கள் தேவை. அடுத்த தூர்வாரலுக்கு முன்பே முறைநேரத்தைப் பேசி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.