"பணம் திருப்பித் தரப்படமாட்டாது" எண்டு ரிசீட்டில இருந்தா அவ்வளவுதானா?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. பனையோலையில கடகம், சுளகு, கலர் போட்ட கொட்டப்பெட்டி எல்லாம் இழைச்சு விக்கிறவா. கார்த்திகையில கிளிநொச்சியில நடந்த ரெண்டு நாள் கைப்பணிச் சந்தை ஒண்டில மண்டபத்துக்குள்ள ஸ்டோல் எண்டு சொல்லி 7,500 ரூபா வாங்கியிருக்கினம், விடியக் காலமை சாமானோட போய் இறங்கினா "உள்ளுக்கு இடம் முடிஞ்சுது அக்கா" எண்டு வெளியில ஜெனரேட்டருக்குப் பக்கத்தில ஒரு மேசையைக் காட்டியிருக்கினம், மேல கூரையும் இல்லை. பின்னேரம் மழை. 42,000 ரூபா சாமான் நனைஞ்சு பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. காசைக் கேட்டா ரிசீட்டில அடிச்சிருக்கிற வரியைக் காட்டினதோட, "உங்களிட்ட பிஸ்னஸ் பதிவும் இல்லை, கேஸும் போடேலாது" எண்டும் சொல்லியிருக்கினம்.

அக்கா, முதல் அந்த ரிசீட் வரி. அதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. நீங்களா வராமல் விட்டா காசு தரமாட்டம் எண்டுறதுக்குத்தான் அது பொருந்தும். உள்ளுக்கு இடம் தாறம் எண்டு காசை வாங்கிப்போட்டு அவையே தராமல் விட்டா, சொல்மீறினது அவை. தாங்கள் விட்ட பிழைக்குத் தாங்களே எழுதி வச்ச ஒரு வரியால தப்புறதெண்டா, அந்த வரி நியாயமானதா எண்டு கோட்ஸ் பாக்கும், அதுக்கெண்டே 1997 இன் 26 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு.

நட்டக் காசு எவ்வளவு கேக்கலாம்? 7,500 கட்டாயம் கேளுங்கோ. பழுதான சாமானுக்கு, ஓலை, சாயம், உங்கட கூலி எண்டு கணக்குக் காட்டி, அதுகளைச் செய்யப் பிடிச்ச செலவைக் கேளுங்கோ. "நல்ல இடம் கிடைச்சிருந்தா எல்லாம் வித்திருப்பன், ஒரு இலட்சம் லாபம்" எண்டு கேட்டா நிரூபிக்க ஏலாது, உங்கட மற்றக் கணக்கையும் சேத்துச் சந்தேகப்படுவினம். அவை மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை எண்டுவினம். எங்கட அம்மம்மா மழைக்காரைக் கண்டாலே முத்தத்தில காயிற சார்வோலையை அள்ளிக்கொண்டு உள்ளுக்கு ஓடுவா, கார்த்திகையில வன்னியில மழை பெய்யுமெண்டும் நனைஞ்ச ஓலை பூஞ்சணம் பிடிக்குமெண்டும் கைப்பணிச் சந்தை நடத்துறவைக்குத் தெரியாதாம் எண்டா ஆர் நம்புறது. ஆனா உங்களிட்டயும் ஒரு கேள்வி வரும்: மழை தொடங்கினதும் தார்ப்பாய் போட்டனீங்களா, சாமானை ஒதுக்கினீங்களா? நட்டத்தைக் குறைக்க நீங்களும் ஏலுமானதைச் செய்திருக்கோணும், செய்ததைச் சொல்லுங்கோ.

பதிவு விசயத்தில அவை சொல்றதில பாதி உண்மை, அதாலதான் கொஞ்சம் விரிவாச் சொல்றன். வியாபாரப் பெயர் பதிவுச் சட்டம் 1918 இலயிருந்து இருக்கு. சொந்த முழுப்பேரில வியாபாரம் செய்தா பதியத் தேவையில்லை. ஆனா நீங்கள் அனுப்பின போட்டோவில பனரில மகளின்ர பேருக்குப் பின்னால "கைப்பணி" எண்டு போட்டிருக்கு, அது வியாபாரப் பெயர், அதைப் பதிஞ்சிருக்கோணும். பதியாமல் அந்தப் பேரில செய்த ஒப்பந்தத்தை வச்சு வழக்குப் போட்டா எதிர்ப்பக்கம் அதைக் கிளப்பும், கோட்ஸிட்ட விலக்குக் கேக்கலாம் எண்டாலும் அது வேற அலைச்சல். ரிசீட் உங்கட சொந்தப் பேரில எண்டது நல்லம், அதை மட்டும் நம்பியிருக்காதேங்கோ. விதானையாரிட்ட உறுதிப்படுத்தி வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்தில போய் இப்பவே பதியுங்கோ, இனி வாற சந்தைகளுக்கெண்டாலும் உதவும்.

எப்பிடியும் நேரா கோட்ஸுக்குப் போகேலாது. இந்த அளவு காசுப் பிரச்சினை முதல், ரெண்டு பக்கத்தையும் இருத்திப் பேசி இணங்க வைக்கிற மத்தியஸ்த சபைக்குத்தான் போகோணும், 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. பிரச்சினை கிளிநொச்சியில நடந்தபடியா அங்கத்தைய சபைக்கு விண்ணப்பம் குடுங்கோ. அங்க லோயருக்கு இடமில்லை, அதால லோயரான எனக்கு நீங்கள் காசு தரத் தேவையுமில்லை (நான் சொல்லக்கூடாத கதைதான்). பனர்க் கதையும் அங்க பெரிசா எடுபடாது, அது கோட்ஸ் இல்லையே. இணங்காட்டி இணங்கேல்லை எண்டு சான்றிதழ் தருவினம், அதுக்குப் பிறகுதான் வழக்கு.

போகமுதல் ரிசீட், "உள்ளுக்கு 14 ஆம் நம்பர்" எண்டு அவை அனுப்பின வட்ஸ்அப், ஜெனரேட்டர் தெரியிற போட்டோ எல்லாத்தையும் எடுத்து வையுங்கோ. வொயிஸ் மெசேஜை அழிக்காதேங்கோ, போனையும் மாத்தாதேங்கோ, 2006 இன் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதெல்லாம் சாட்சிதான். பக்கத்து மேசையில ஊறுகாய் வித்த தங்கச்சி நடந்ததைக் கண்டவா எண்டு எழுதினீங்கள், அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

கடைசியா போற போக்கில ஒரு வரி எழுதினீங்கள் பாருங்கோ, வவுனியாக் கடைக்காரர் போன மாசியில 30 கடகம் கடனுக்கு எடுத்து 18,000 இன்னும் தரேல்லை எண்டு. எனக்கு ஸ்டோலை விட அதுதான் பயம். ஸ்டோல் ஒப்பந்தம் வாய்ப்பேச்சா இருந்தாலும் வழக்குப் போட 3 வருசம் இருக்கு. வித்துக் குடுத்த சாமானின்ர காசுக்கு ஒரே ஒரு வருசம், அது காசு தரவேண்டிய நாளிலயிருந்து ஓடத்தொடங்கும். அவரிட்ட இந்தக் கிழமையே போய் "இவ்வளவு காசு தரவேண்டியிருக்கு" எண்டு எழுதி திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கோ, அப்பதான் காலம் புதுசா எண்ணுப்படும். கையெழுத்து வைக்க மாட்டன் எண்டா கொஞ்சக் காசையாவது வாங்கி, ஆர் எப்ப தந்தது எண்டு துண்டில எழுதி வையுங்கோ. ரெண்டும் நடக்காட்டி அந்தப் பிரச்சினையையும் மாசி வரமுதல் மத்தியஸ்த சபையில குடுங்கோ.