திருவிருந்துக்கு நான் பாத்திரனா?

கேள்வி: அப்பா இறந்தபின், தம்பிக்குச் சேரவேண்டிய நிலத்தில் ஒரு பகுதியை அவனுக்குத் தெரியாமல் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. மூன்று ஆண்டுகளாகத் திருவிருந்து நேரத்தில், அதாவது ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் வேளையில், நான் இருக்கையை விட்டு எழுவதில்லை. ‘அபாத்திரமாய்’, அதாவது தகுதியற்ற விதத்தில், புசிக்கிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனைத் தீர்ப்பு) என்ற வசனம் என்னைத் தடுக்கிறது. கிருபை எனக்கும் உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களைத் தடுக்கும் அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவோம். 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் ‘அபாத்திரன் புசித்தால்’ என்று எழுதவில்லை. ‘அபாத்திரமாய்ப் புசித்தால்’ என்றே எழுதுகிறார். மூல கிரேக்கத்திலும் அது வினையடைதான். அதாவது, உண்பவர் எப்படிப்பட்டவர் என்பதை அல்ல, எப்படி உண்கிறார் என்பதையே அந்தச் சொல் குறிக்கிறது. நானும் இளவயதில் இதை மாற்றி வாசித்துப் பயந்தவன்தான்.

கொரிந்து சபையில் நடந்தது என்ன என்பதை 21, 22-ஆம் வசனங்கள் சொல்கின்றன: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், ஒருவன் பசியாயிருக்க, மற்றொருவன் வெறித்திருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள். கர்த்தருடைய பந்தியில் சகோதரனைச் சகோதரனாக மதிக்காத அந்த நடத்தையைத்தான் பவுல் கண்டிக்கிறார். அதற்கு அவர் தரும் மருந்தையும் கவனியுங்கள். தன்னைச் சோதித்தறிந்து விலகியிருக்கக்கடவன் என்று அவர் சொல்லவில்லை. சோதித்தறிந்து, ‘இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்’ என்கிறார். நீங்களோ மூன்று ஆண்டுகளாகச் சோதித்தறிவதோடு நின்றுவிட்டீர்கள்.

தகுதியைப் பற்றி வேதம் பேசும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது லூக்கா 7-ஆம் அதிகாரம். கப்பர்நகூம் ஊரின் நூற்றுக்கு அதிபதியை (நூறு வீரர்களின் தலைவரை)ப் பற்றி யூத மூப்பர்கள், ‘அவன் பாத்திரனாயிருக்கிறான், நமக்கு ஜெப ஆலயம் கட்டிக்கொடுத்தான்’ என்று இயேசுவிடம் பரிந்து பேசுகிறார்கள். அவரோ, என் வீட்டுக்குள் நீர் வருவதற்கு நான் பாத்திரனல்ல என்று சொல்லியனுப்புகிறார். இயேசு வியந்து பாராட்டியது கட்டிய ஆலயத்தை அல்ல, தகுதியில்லை என்று அறிந்தும் கேட்கத் துணிந்த விசுவாசத்தையே. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை (திருவிருந்து) வாங்குவதற்குச் சற்று முன் மக்கள் எல்லோரும் சொல்லும் மன்றாட்டு இந்த நூற்றுக்கு அதிபதியின் வார்த்தையிலிருந்து பிறந்ததுதான். தகுதியில்லை என்று வாயால் அறிக்கையிட்டபடியே பந்திக்கு எழுந்து நடக்கிறார்கள்.

ஆனாலும், கிருபை உண்டு என்பதால் நிலம் உங்களுடையதாகிவிடாது. லூக்கா 19-இல் வரும் வரிவசூலிப்பவன் சகேயுவின் கதையில் வரிசை முக்கியம். ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று இயேசு சொன்னபோது, அவன் இன்னும் ஒரு காசும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகே. கொடுத்ததால் அவர் வரவில்லை. அவர் வந்ததால் அவன் கொடுத்தான். ஆகவே நிலத்தைத் திருப்பித் தருவது கிருபைக்கு நீங்கள் கட்டும் விலை அல்ல. அதே வேளையில், திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் பந்திக்கு வருவீர்களானால், அதுதான் கொரிந்தியர் செய்த தவறு என்பேன்.

சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் வருகிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அந்த வசனம் ‘பின்பு வந்து’ என்று முடிகிறது. அது உடனே போகச் சொல்கிறதே தவிர, ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருக்கச் சொல்லவில்லை.

எனவே முதலில் உங்கள் ஆயரைத் தனியாகச் சந்தித்து, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சாட்சி அமைதியடையாதவர் போதகரிடம் வந்து பேசட்டும் என்பதும், அநியாயம் செய்தவர் ஈடுசெய்ய ஆயத்தமாயிருக்கட்டும் என்பதும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் திருவிருந்து அறிவுரையிலேயே உண்டு. நீங்கள் கத்தோலிக்கராயிருந்தால், இத்தகைய கனமான பாவத்துக்கு ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்பு) பெற்ற பிறகே நற்கருணை வாங்க வேண்டும். நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்ற எந்தப் பத்திரம் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் செலவை நீங்களே ஏற்பது நியாயம்.

தம்பியைப் பார்க்கப் போகும்போது வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். அன்றைக்கே அவர் மன்னிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மூலப்பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.