ஒரு சிலந்திக்கு ஒரு பெட்டி சிள்வண்டு: மிஞ்சியதை என்ன செய்வது?

கேள்வி: முழு வளர்ச்சி அடைந்த பெண் டாரன்டுலா சிலந்தி ஒன்று வளர்க்கிறேன். இரைக்காக ஐம்பது சிள்வண்டுகள் (கிரிக்கெட் பூச்சி) வாங்கி டப்பாவில் விட்டு, தண்ணீருக்குப் பதிலாக ஈர மணல் கிண்ணம் வைத்தேன். இப்போது அந்த மணலிலிருந்து எறும்பு அளவில் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வருகின்றன. சிலந்தியோ மூன்று வாரமாக எதையும் தொடவில்லை. டப்பா நாறுகிறது, ராத்திரி முழுக்கச் சத்தம் வேறு. இரைக்கென்றே விற்கும் மீல்வார்ம் புழுவும் கொஞ்சம் கைவசம் இருக்கிறது. எல்லாவற்றையும் தோட்டத்தில் கொட்டிவிடலாமா?

பதில்: கொட்ட வேண்டாம். அடைத்து வளர்த்த பூச்சியைத் திறந்துவிட்டால் அதன் நோயும் கூடவே வெளியே போகும். வீட்டுச் சிள்வண்டுகளைத் தாக்கும் டென்சோவைரஸ், வணிகப் பண்ணைகளையே காலி செய்த ஒன்று. அது உங்கள் டப்பாவில் இருக்கிறதா இல்லையா என்று பார்வையால் சொல்ல முடியாது.

முதல் வேலை, அந்த மணல் கிண்ணத்தை இன்றே எடுப்பது. நீங்கள் தண்ணீருக்காக வைத்தீர்கள், பூச்சி அதைப் பிரசவ அறையாக்கிக்கொண்டது. பெண் சிள்வண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்: இரண்டு முள் மாதிரி வாலிழைகளுக்கு நடுவே ஊசி போல நீளமாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஈர மண்ணில் குத்தித்தான் முட்டையிடும். ஆணுக்கு அந்த ஊசி கிடையாது. முட்டைகள் மெலிந்த அரிசி வடிவில் வெளுப்பாக, மணலின் மேல் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் சுமார் இரண்டு வாரத்தில் பொரித்துவிடும், அப்புறம் ஆறு முதல் எட்டு வாரத்தில் அவையே முட்டையிடத் தயார். ஆகவே மணலைக் குப்பையில் கொட்டினாலும் பொரிக்கும். கிண்ணத்தோடு பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துவிட்டு அப்புறம் வீசுங்கள்.

தண்ணீருக்கு ஒரு துண்டு கேரட் போதும், வாடினால் மாற்றுங்கள். ஈரப் பஞ்சு வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், மண் கிடைக்காத பெண் பூச்சி பஞ்சிலும் முட்டையிடும்.

நாற்றம் சிள்வண்டின் இயல்பு என்று பலர் சகித்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. காய்ந்து கிடக்கும் டப்பா லேசாகத்தான் மணக்கும். செத்த பூச்சியும், பூச்சி ஒளிந்துகொள்ள வைக்கும் கோழிமுட்டை அட்டை நனைந்ததும், அழுகிய காய்த்துண்டும் சேரும்போதுதான் மூக்கைப் பொத்த வைக்கும். அடியில் மண் எதுவும் போடாதீர்கள். முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தினால் எச்சம் கீழே விழும், வாரம் ஒருமுறை தட்டிக் கொட்டிவிடலாம். மூடியில் பிளாஸ்டிக் வலை போட்டால் கடித்துத் துளைக்கும். உலோக வலைதான் நிற்கும். சத்தம் போடுவது இறக்கை முளைத்த ஆண் பூச்சிகள் மட்டுமே. எனவே முதலில் கழிக்க வேண்டியது ஊசி வைத்த பெண்களையும் இறக்கை முளைத்த ஆண்களையும்தான். பெருக்கமும் சத்தமும் ஒரே நாளில் அடங்கும்.

சரி, சிலந்திக்கு வருவோம். வளர்ந்த டாரன்டுலாவுக்கு ஏழு முதல் பதினான்கு நாளுக்கு ஒரு பெரிய சிள்வண்டு தாராளம். வாரம் ஒன்று என்றே வைத்தாலும் ஐம்பது பூச்சி கிட்டத்தட்ட ஒரு வருடத் தீனி. சிள்வண்டோ முட்டையிலிருந்து சாவு வரை மூன்று மாதத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஐம்பது வாங்கிய அன்றே கணக்கு தவறிவிட்டது. குஞ்சு பொரித்தது அதன் மேல் கூடுதல் சுமை.

மூன்று வாரப் பட்டினியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வயிறு குண்டாக இருந்து, அதன் மேல் முடி உதிர்ந்த இடம் கறுத்துப் பளபளத்தால், தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் காலியாகாமல் பாருங்கள். வயிறு சுருங்கித் தொய்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சிலந்தி சீண்டாத சிள்வண்டை மறுநாளே எடுத்துவிடுங்கள், இதில் சமரசமே கூடாது. தோலுரிக்கும்போது சிலந்தி மல்லாந்து கிடக்கும், உடம்பு மெத்தென்று இருக்கும். பசித்த சிள்வண்டு அதைக் கடித்தே கொன்றுவிடும். உரித்த பிறகு நச்சுப்பல் முதலில் வெள்ளையாக, பிறகு சிவப்பாக, கடைசியில் கறுப்பாக மாறும். கறுத்த பிறகே இரை கொடுங்கள், வளர்ந்த சிலந்திக்குப் பத்து நாளாவது ஆகும்.

மிஞ்சியது வீணாகிறதே என்று சிலந்தியின் வயிற்றில் திணிக்கவும் கூடாது. அளவு மீறிப் பெருத்த வயிறு சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்துபோகும்.

மிச்சத்துக்கு எளிய வழி ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். கொஞ்சத்தைச் சிறு பொட்டலங்களாக வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் ஒன்றை எடுத்து, குளிர் போகும்வரை வைத்திருந்து, இடுக்கியால் முன்னால் அசைத்தால் பல டாரன்டுலாக்கள் வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் ஆகியும் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். கோழி, பெரிய மீன், பல்லி வகை வளர்ப்பவர்கள் தெரிந்தால் உயிரோடே கொடுக்கலாம். குஞ்சுச் சிள்வண்டுகளுக்குச் சிறு தவளையும் குட்டிச் சிலந்தியும் வைத்திருப்பவர்களிடம் நல்ல கிராக்கி உண்டு. டப்பாவில் சேர்ந்த எச்சத்தை உறைய வைத்துவிட்டு எருக்குழியில் போடுங்கள், தழைச்சத்து உள்ள உரம் அது.

மீல்வார்ம் பெரிய தொல்லை இல்லை. தவிட்டோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் வளர்ச்சி நின்று வாரக்கணக்கில் கிடக்கும். வாரம் ஒருநாள் வெளியே எடுத்துக் கேரட் போட்டுவிட்டுத் திரும்ப வைக்கவும். மீல்வார்மைவிடப் பெரிய சூப்பர்வார்ம் புழு இருந்தால் இதைச் செய்யாதீர்கள், குளிரில் செத்துவிடும். எந்தப் புழுவையும் தலையை நசுக்காமல் கூட்டில் போடாதீர்கள். மண்ணுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும்.

அடுத்த முறை ஒரே சிலந்திக்கு என்றால் இரைக்காக வளர்க்கும் டூபியா வகைக் கரப்பான் குஞ்சுகள் பத்து வாங்கினால் போதும் என்பது என் கருத்து. கத்தாது, நாற்றம் குறைவு, வழவழப்பான சுவரில் ஏறாது, வளர்ச்சியும் மெதுவாகத்தான். இறக்கை நீண்டு வளர்ந்தால் ஆண், குட்டையாக நின்றால் பெண். பெண்ணை முதலில் இரையாக்கிவிட்டால் பெருகாது. இதையும் தலையை நசுக்கியே கொடுங்கள், இல்லாவிட்டால் மண்ணைத் தோண்டிப் பதுங்கிவிடும். கரப்பான் எச்சத் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும், டப்பாவைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.