இடித்தவன் நிற்காமல் போனால் பணம் யார் தருவது?

தம்பி, கலிபோர்னியா வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், இன்ஷூரன்ஸ் குவோட்டில் 'அன்இன்ஷூர்ட் மோட்டரிஸ்ட்' (இன்ஷூரன்ஸ் இல்லாதவன் இடித்தால் உதவும் பாதுகாப்பு) என்ற வரியை எடுத்துவிட்டால் பிரீமியம் கொஞ்சம் குறைகிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள்.

இடித்துவிட்டு ஓடினவனைப் போலீஸ் பிடித்தால் சந்தோஷம். பிடிக்காவிட்டால் அவனுடைய இடத்தில் நின்று உங்களுக்குப் பணம் தருவது உங்கள் பாலிசியில் இருக்கும் அந்த வரிதான். ஓடிப்போன வண்டியை இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி என்றே சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்தப் பாதுகாப்பை உங்களுக்குத் தர முன்வர வேண்டியது கம்பெனியின் கடமை. வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது அந்தக் கையெழுத்து பத்துப் பக்கத்துக்கு நடுவில் ஒரு சின்ன டிக்காக வந்து போய்விடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் மருத்துவ இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே என்பீர்கள். அது ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும், அதுவும் உங்கள் பங்கு போக. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பட்ட வலிக்கான ஈடு, இதையெல்லாம் அது தராது, இந்த வரி தரும். காருக்குள் இருந்தால்தான் என்றும் இல்லை. நீங்களோ உங்கள் மனைவியோ ரோட்டைக் கடக்கும்போது ஒரு வண்டி தட்டிவிட்டுப் போனாலும் இது பொருந்தும். 2025 முதல் குறைந்தபட்ச அளவு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000. எலும்பு முறிந்து ஆபரேஷன் என்று போனால் 30,000 எந்த மூலைக்கு? முடிந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி, எனக்கு ஆனதைச் சொல்கிறேன். வந்த இரண்டாவது வருடம், 880 ஃப்ரீவேயில் ஒரு சாயங்காலம். வலது பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி இண்டிகேட்டர்கூடப் போடாமல் என் முன்னால் நுழைந்தது. நான் இடதுபுறம் ஒடித்தேன், கார் நடுச்சுவரில் உரசி நின்றது. பிக்கப் போயே போய்விட்டது. மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், எதிர்முனையில் இருந்தவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வண்டி உங்கள் வண்டியைத் தொட்டதா?" தொடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அத்தோடு முடிந்தது. இந்த மாநிலச் சட்டப்படி, யாரென்று தெரியாத வண்டி உங்கள் மீதோ நீங்கள் இருக்கும் வண்டி மீதோ பட்டிருந்தால்தான் காயத்துக்கு ஈடு. ஏட்டில் நான் தனியாகப் போய்ச் சுவரில் முட்டியவன். ஆறு வாரம் பிசியோதெரபி, ஒவ்வொரு தடவையும் என் பங்குக் காசு என் பையிலிருந்து.

அதனால், அப்படி ஏதாவது ஆனால் காரைத் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். பம்பரில் ஒட்டியிருக்கும் அடுத்த வண்டியின் பெயிண்ட்தான் உங்கள் சாட்சி. கிட்ட வைத்து ஒரு போட்டோ, தள்ளி நின்று ஒரு போட்டோ. 24 மணி நேரத்துக்குள் அந்த ஊர்ப் போலீஸிடமோ, ஊர் எல்லைக்கு வெளியே என்றால் ஷெரிப்பிடமோ ஹைவே பேட்ரோலிடமோ புகார் பதிய வேண்டும். 30 நாளுக்குள் நடந்ததைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். வலி நாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திருந்து இந்த 24 மணி நேரத்தைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். யாருக்காவது அடிபட்டாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, 10 நாளுக்குள் டிஎம்விக்கு (மாநில மோட்டார் வாகனத் துறை) எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவமும் போக வேண்டும்.

கார் சேதம் தனிக் கதை. அன்இன்ஷூர்ட் மோட்டரிஸ்டிலேயே வண்டிச் சேதத்துக்கு என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் அதில் 3,500 டாலர்தான் உச்சம், அதுவும் இடித்தவன் யாரென்றோ அவன் நம்பர் பிளேட்டோ தெரிந்தால்தான். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ராத்திரி யாரோ இடித்துவிட்டுப் போனால் அது உதவாது. அதற்குக் கொலிஷன், அதாவது மோதலில் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் வேண்டும். டிடக்டிபிள், அதாவது நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை, உங்கள் தலையில். காரே 3,000 டாலர்தான் பெறும் என்றால் நான் கொலிஷனை விட்டுவிடுவேன். காயத்துக்கான வரியை விட மாட்டேன்.

பாலிசியே இல்லாமல் நடந்துபோகிறவர்களுக்கு மாநிலத்தின் குற்றப் பாதிப்பு இழப்பீட்டு வாரியம் இருக்கிறது, கால்விசிபி என்பார்கள். காயப்படுத்திவிட்டு ஓடுவதும் அதன் பட்டியலில் உண்டு, உச்சம் 70,000 டாலர். விசா நிலையைப் பார்ப்பதில்லை. மற்ற வழியெல்லாம் பார்த்து மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள், போலீஸுக்கும் ஒத்துழைக்க வேண்டும்.

அப்புறம், கிளெய்ம் செய்தால் பிரீமியம் ஏறிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். உங்கள் மேல் தப்பில்லாத விபத்துக்காக இங்கே ஏற்றக் கூடாது. உங்கள் குவோட்டில் அந்த டிக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.