ஆய்வு உதவியாளர் பணியும் பேராசிரியப் பாதையும்: கேள்வி பதில்

கோவையில் பயிர்ப் பெருக்கத் துறையில் நெடுங்காலம் நெறியாளராக இருந்தவன் என்ற முறையில், ஆய்வு உதவியாளராகச் சேர விரும்பும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். என் துறைக்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாகவே தொடுவேன்.

கோபிச்செட்டிபாளையம்: முதுநிலை முடித்துவிட்டேன். ஒரு பேராசிரியர் தம் திட்டத்தில் சேர அழைக்கிறார். சேருமுன் என்ன கேட்க வேண்டும், ஐயா?

திட்டத்தில் உங்களுக்கென்று ஒரு கேள்வி உண்டா என்பதை முதலில் கேளுங்கள். திட்டப் பணத்தில் அமர்த்தப்படுபவர் திட்டத்தின் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு சிறு பகுதியையேனும் வடிவமைப்பது முதல் முடிவை எழுதுவது வரை நீங்களே நடத்தினால்தான், பின்னாளில் பிறரை நெறிப்படுத்தும் தகுதி வரும்.

பருத்தியில் கலப்புச் செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மலரவிருக்கும் மொட்டுகளை மாலையில் தேர்ந்து, சூலகம் காயப்படாமல் மகரந்தப் பைகளை நகத்தால் கீறி அகற்றி, மொட்டை மூடிவைத்து, மறுநாள் காலையில் மகரந்தம் தடவும் வேலையை ஒரு பருவத்தில் எவரும் பழகிக்கொள்ளலாம். இந்தத் தாயை இந்தத் தந்தையோடு ஏன் சேர்க்கிறோம், உதிர்ந்த மொட்டுகள் எத்தனை, உதிர்ந்தது மழையாலா கைப்பிழையாலா என்று கேட்கத் தொடங்குபவரே ஆய்வாளர் ஆகிறார். நம் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்திலிருந்து 1918இல் வெளிவந்த கோ 205 என்ற கரும்பு வகை, கரும்பையும் அதன் காட்டு இனத்தையும் சேர்த்துப் பெற்றது. வட இந்தியச் சூழலைத் தாங்கும் வலிமையை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்விதான் அந்தக் கலப்பைச் செய்யவைத்தது.

அடுத்து, குறிப்பேடு. தைத்த, பக்க எண்ணிட்ட ஏட்டில் தேதி, நேரம், செய்தவர் பெயர், செடியில் கட்டிய அட்டையின் எண் ஆகியவற்றை அன்றன்றே மையால் எழுதுங்கள். பிழையை ஒரு கோட்டால் அடியுங்கள், அழிக்காதீர்கள். அந்த ஏடு ஆய்வகத்துக்கு உரியதாகவே இருக்கும், ஆகவே விலகும்போது படி எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதையும் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

திருப்பூர்: இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போதே ஆய்வு அனுபவம் பெற வழி உண்டா?

உண்டு. மூன்று தேசிய அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்தும் கோடைகால ஆய்வு நிதிநல்கைத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் பணியாற்றலாம். விண்ணப்பம் கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். இறுதியாண்டில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட உதவிக்கும் உங்கள் பேராசிரியர் வழியாக முயலுங்கள். அங்கேயும் குறிப்பேட்டை மறக்காதீர்கள்.

ஈரோடு: வீட்டில் விசைத்தறி வருமானம் மட்டுமே. உதவித்தொகையில் குடும்பத்தைத் தாங்க முடியுமா?

நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நிதிநல்கை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000 ஆகும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வருவதால், கையிருப்பு இல்லாமல் சேராதீர்கள். தேர்வில் தேறாமல் திட்டப் பணியில் சேர்வோருக்குத் தொகை குறைவு, பணியும் திட்டம் முடியும் நாளோடு முடிந்துவிடும்.

நாமக்கல்: நெட் இருந்தால் போதாதா, ஆய்வு எதற்கு?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஜூலைத் திருத்தத்தின்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் எனப்படும் மாநிலத் தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. தகுதி வேறு, தயாரிப்பு வேறு. ஆய்வே செய்யாத ஆசிரியர் தம் மாணவரின் ஆய்வை எப்படி மதிப்பிடுவார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சேலத்துப் பேராசிரியர் ஒருவர்: ஊதியம் வாங்கும் உதவியாளருக்குக் கட்டுரையில் பெயர் எதற்கு? தரவு சேகரிப்பது கூலி வேலைதானே?

இதை நான் ஏற்கவில்லை. வெறும் தரவு சேகரிப்பு மட்டுமே கட்டுரையாசிரியர் உரிமை தராது என்பது உண்மைதான். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கருத்து, வடிவமைப்பு, தரவு, பகுப்பாய்வு ஆகியவற்றில் ஒன்றில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு என நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆனால் அதே குழு, முதல் நிபந்தனையை நிறைவு செய்தவர்களுக்கு எழுதவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாணவரை எழுதவே விடாமல் வைத்துவிட்டு, எழுதவில்லை என்பதையே காரணமாகக் காட்டிப் பெயரை நீக்குவது அந்த விதியின் நோக்கத்துக்கே எதிரானது.

அதே பேராசிரியர்: திட்டத்தைப் பெற்றவர் நான். நிதிக்குக் கணக்குக் காட்டுபவனும் நானே.

நிதி பெற்றுத் தருவது மட்டுமே கட்டுரையாசிரியர் உரிமை தராது என்பதையும் அந்த விதிமுறை சொல்கிறது. நீங்கள் கருத்தும் வடிவமும் தந்து எழுத்திலும் பங்கேற்றிருப்பீர்கள், ஆகவே உங்கள் பெயர் தாராளமாக இருக்கட்டும். களத்தில் வெயிலில் நின்று, தரவின் பிழையைக் கண்டுபிடித்து, பகுப்பாய்வையே மாற்றச் செய்த மாணவரின் பெயரும் இருக்கட்டும். பெயர் வரிசையைத் தொடக்கத்திலேயே பேசி, எழுதிவைத்துவிட்டால் இந்தச் சச்சரவில் பாதி எழாது. மாணவர்களே, யார் எதைச் செய்தார் என்பதற்கு உங்களுக்கு இருக்கும் ஒரே சான்று அந்தத் தேதியிட்ட குறிப்பேடுதான்.

பொள்ளாச்சி: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது.

கட்டாதீர்கள். ஒரு வாரத்தில் எந்த நேர்மையான மதிப்பாய்வும் முடியாது.

கரூர்: நெட் கட்டாயமா?

நாமக்கல் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

பல்லடம்: அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராகச் சேர்வது எப்படி?

அங்கே அது பெரும்பாலும் முனைவர் பட்டச் சேர்க்கையோடு, கல்விக் கட்டண விலக்கும் சேர்ந்து வருவது. விவரங்களை அந்தந்தத் துறையிடமே கேளுங்கள், அது என் களம் அன்று.

தாராபுரம்: நாளை மறுநாள் நேர்காணல். என்ன கேட்பது?

கோபி நண்பருக்கு எழுதியதுதான் உங்களுக்கும். அதோடு, அந்தப் பேராசிரியர் அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரைகளை இன்றிரவே படித்து, அவற்றில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு போய் அவரிடமே கேளுங்கள்.