மரத்திலிருந்து விழுந்த கதையைச் சொன்னால் ஆங்கிலம் வருமா?

கேள்வி: எனக்கு வயது 38. இலக்கணப் புத்தகங்கள் இரண்டை முடித்துவிட்டேன். படித்தால் புரிகிறது, வாயைத் திறந்தால் வரவில்லை. இப்போது சேர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர், சின்ன வயது நினைவுகள், கேட்ட கதைகள், வாழ்க்கையின் ஒவ்வொரு பருவம் என்று இவற்றையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்கிறார். எனக்கு வேண்டியது ஆபீஸில் பேசுவதற்கான ஆங்கிலம். ஏழு வயதில் மரத்திலிருந்து விழுந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இது நேரத்தை வீணாக்குவது இல்லையா?

பதில்: இல்லை. அந்த வகுப்பை விட்டுவிடாதீர்கள்.

ஆபீஸில் நீங்கள் என்னதான் பேசுகிறீர்கள் என்று ஒரே ஒரு நாள் கவனியுங்கள். நேற்று ஏன் வேலை நின்றது, வாடிக்கையாளர் போனில் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், அப்புறம் யார் வந்து சரிசெய்தார்கள். எல்லாமே நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான். மரத்திலிருந்து விழுந்ததைச் சொல்ல எந்த ஆங்கிலம் வேண்டுமோ அதே ஆங்கிலம்தான் இதற்கும் வேண்டும். ஒரே வித்தியாசம், விழுந்த கதையில் என்ன சொல்வது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அது முழுசாக உங்களுக்குத் தெரியும், ஆகவே மூளையின் மொத்த உழைப்பும் எப்படிச் சொல்வது என்பதற்கே போகும்.

நமக்கு எங்கே சிக்குகிறது என்று பாருங்கள். 'எழுந்து, பல் தேய்த்து, பையை எடுத்துக்கொண்டு, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.' தமிழில் காலம் காட்டுவது கடைசியில் வரும் 'பிடித்தேன்' மட்டும்தான். முன்னால் வருபவை வினையெச்சங்கள், அவை கடைசி வினையின் காலத்தில் சவாரி செய்துகொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சவாரி சாதாரணமாகக் கிடையாது. வோக், பிரஷ்டு, டுக், ரேன், காட் என்று ஒவ்வொரு வினையையும் இறந்தகாலத்தில் நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் நம்மில் பலர் முதல் வினையைச் சரியாகச் சொல்லிவிட்டு மூன்றாவதில் நிகழ்காலத்துக்கு வழுக்கிவிடுகிறோம், கேட்பவருக்கு இது நேற்று நடந்ததா தினமும் நடப்பதா என்று புரிவதில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகளான பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் ஆகிய பத்தும் இறந்தகாலத்தில் விதிக்குள் அடங்காதவை. இவற்றை அட்டவணையாக மனப்பாடம் செய்து நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், வாய்க்கு வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மனப்பாடம் பற்றி ஒரு விஷயம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் ஞாபகம் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்று அளந்தவர் அவர். ஒப்பிட்டுப் பார்க்கக் கவிதையையும் மனப்பாடம் செய்தார். அதற்குத் தேவைப்பட்ட உழைப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உங்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத சொற்பட்டியல் அந்த அசைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணனின் முகத்தோடு சேர்ந்து வரும் 'கேரீட்' அப்படி இல்லை.

சின்ன வயதுக் கதையில் மட்டும் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. 'சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போவோம், பாட்டி கதை சொல்வாள்.' போவோம், சொல்வாள் என்பவை எதிர்கால வடிவங்கள், ஆனால் நாம் பேசுவது முப்பது வருஷத்துக்கு முந்தைய வழக்கத்தை. இதை அப்படியே 'வில்' போட்டுச் சொல்லிவிடுகிறோம், அங்கேதான் தப்பு. அங்கே வர வேண்டியது 'வுட்': வீ வுட் கோ, ஷீ வுட் டெல். இல்லையென்றால் 'யூஸ்டு டு'. ஆனால் 'எங்களிடம் ஒரு நாய் இருந்தது' என்பதற்கு 'வுட்' ஒத்துவராது, ஏனென்றால் அது திரும்பத் திரும்பச் செய்த செயல் இல்லை, நீடித்த நிலை. அங்கே 'வீ ஹேட்' அல்லது 'வீ யூஸ்டு டு ஹேவ்'. வாழ்க்கைக் கதையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பொறி இருக்கிறது, பாருங்கள். நமக்குப் 'பிறந்தேன்' ஒரே சொல், அதனால் 'ஐ பார்ன்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். 'ஐ வாஸ் பார்ன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட்ட கதைகள் எதற்கு என்று கேட்கிறீர்கள். கதை என்றால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது. 'நான் வரமாட்டேன் என்று நரி சொன்னது' என்பது தமிழில் சிக்கலே இல்லாத வாக்கியம், அந்த 'நான்' நரிதான். இதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி 'தி ஃபாக்ஸ் செட் தட் ஐ வில் நாட் கம்' என்றால், வராதவர் நரி இல்லை, பேசிக்கொண்டிருக்கும் நீங்கள். இப்போது நரியை எடுத்துவிட்டு மேனேஜரை வையுங்கள். மீட்டிங்குக்கு அவர் வரமாட்டாரா, நீங்கள் வரமாட்டீர்களா என்று எதிரில் இருப்பவர் குழம்புவார். இதனால் நிஜமாகவே வேலை கெட்டதை நான் பார்த்திருக்கிறேன். நரி கதையைப் பத்துத் தடவை சொன்னவர் 'ஹி செட் ஹி வுட் நாட் கம்' என்று யோசிக்காமல் சொல்வார்.

பருவங்களை ஆசிரியர் வரிசையாகச் சொல்லச் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. வயது ஏற ஏற இலக்கணம் மாறும். வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்லி இன்றைக்கு வந்து நின்றால், 'இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்பதற்கு 'ஹேவ் பீன்' வேண்டும். செய்யாமல் விட்டதைச் சொல்லும்போது இன்னும் கடினம். 'அவர் வந்திருக்கலாம்' என்றால் தமிழில் ஒருவேளை வந்திருப்பார் என்றும் பொருள், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் பொருள். ஆங்கிலத்தில் முதலாவது 'மைட் ஹேவ்', இரண்டாவது 'ஷுட் ஹேவ்'. இந்த வித்தியாசத்தை உங்கள் சொந்த வருத்தம் ஒன்றை வைத்துப் பழகினால் அடுத்த முறை குழம்பமாட்டீர்கள். பருவப் பெயர்களையும் கவனியுங்கள், அழகானவை. 'இன்ஃபன்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்குப் பேசாதது என்று பொருள், 'டாட்லர்' தள்ளாடி நடப்பது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் வைத்துக் குழந்தையைப் பாடிய மொழி நம்முடையது, தளர்நடைக் குழந்தையை வா என்று கூப்பிடும் வாரானைப் பருவத்தைத் தெரிந்தவருக்கு டாட்லரை விளக்க வேண்டுமா என்ன?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னால் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் பேசுபவர்களிடம் மாரியன், நைசர் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மொழியில் வாழ்ந்தார்களோ அந்த மொழியில் கேட்டபோதுதான் அந்தக் கால நினைவுகள் அதிகம் வந்தன. ஆகவே முதலில் தமிழிலேயே மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், யார் இருந்தார்கள், என்ன சத்தம், எங்கே வலித்தது என்று. ஆனால் தமிழில் எழுதிவைத்து மொழிபெயர்க்காதீர்கள், அந்த வினையெச்சங்கள் அப்படியே கூட வந்துவிடும். அம்மா திட்டிய வார்த்தைக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லையா, அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு நகருங்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய சொற்கள் இதில் வராது, அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். அந்த அளவுக்கு உங்கள் கேள்வி நியாயம்.

சரி, எப்படிப் பழகுவது? பால் நேஷன் என்ற மொழியியலாளர் 1989இல் எழுதிய ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் 4 நிமிடம், பிறகு வேறொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை தேடல் குறைந்து பேச்சு ஓடும். கேட்க ஆள் இல்லையென்றால் போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் நின்று திருத்தாதீர்கள், முடித்த பிறகு கேட்டுப் பார்த்து இறந்தகால வினைகளை மட்டும் எண்ணுங்கள்.

நீங்கள் விழுந்த அந்த மரத்திலிருந்தே ஆரம்பியுங்கள். ஏன் ஏறினீர்கள், கீழே யார் நின்றார்கள், விழுந்ததும் முதலில் யார் ஓடி வந்தார்கள், வீட்டில் என்ன பொய் சொன்னீர்கள். இன்றைய பதிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே கதையை மறுபடியும் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.